லிட்டருக்கு 2.3 பைசா

பெட்ரோல் விலை பற்றிப் பேச்சு வந்தாலே தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் ஒரு கேள்வி எழும்: “ஒன்றிய அரசு வசூலிக்கும் கலால் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குத்தானே போகிறது?” கேட்பதற்கு நியாயமாக இருக்கும். எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் பதில் சொல்லத் தெரியாமல் வேறு எங்கோ போய்விடுவார். பெட்ரோலைப் பொறுத்தவரை அந்தக் கூற்று தவறு. எவ்வளவு தவறு என்பதை ஒரு லிட்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

2025 ஏப்ரல் 8 அன்று செய்த மாற்றத்துக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோல் மீதான ஒன்றியக் கலால் வரி 21.90 ரூபாய் ஆனது. இதற்குள் நான்கு வரிகள் இருக்கின்றன. அடிப்படைக் கலால் வரி 1.40. சிறப்புக் கூடுதல் கலால் வரி 13.00. சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 5.00. வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ் 2.50. இந்த நான்கில் மாநிலங்களோடு பகிர வேண்டியது முதலாவது மட்டும்தான். இரண்டாவது சட்டப்படி சர்சார்ஜ், அதாவது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி. அடுத்த இரண்டும் பெயரிலேயே செஸ், அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கும் வரி. மூன்றும் முழுக்க முழுக்க டெல்லியிலேயே தங்கிவிடும்.

ஆக, 41 சதவீதம் என்பது 1.40 ரூபாய்க்குத்தான். அது 57.4 பைசா. இதை 28 மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 2026 மார்ச் வரைக்கும் 15-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். 57.4 பைசாவில் அது 2.34 பைசா. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம் என்ற கணக்கில் 10.3 பைசா. டீசலில் அப்போது மொத்த வரி 17.80, அடிப்படை வரி 1.80. அதில் தமிழ்நாட்டுக்கு வந்தது 3 பைசா.

மாநில அரசும் சும்மா இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பெட்ரோல் மீதான வாட் எனும் விற்பனை வரி 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும். எண்ணெய் நிறுவனத்தின் விலை வரிக்கு முன் 55 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலால் வரியைச் சேர்த்தால் 76.90. அதில் 13 சதவீதம் 10 ரூபாய், நிலையான தொகை 11.52. மொத்தம் 21.52. ஒன்றிய அரசு எடுப்பதும் மாநில அரசு எடுப்பதும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 13 சதவீதம் கலால் வரியின் மீதும் விழுகிறது. வரி மீது வரியாக மட்டும் மாநிலத்துக்கு 2.85 ரூபாய் கிடைக்கிறது. பகிர்வில் வருவது 2.34 பைசா. கலால் வரி ஏறினால் மாநிலத்துக்கு லாபம் இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை.

இந்த நிலையான தொகைக்கும் ஒரு கதை உண்டு. 2020 மே வரை தமிழ்நாட்டில் பெட்ரோல் வாட் நிலையான தொகை இல்லாமல் 34 சதவீதமாக மட்டும் இருந்தது. ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது சதவீத வரியும் கூடவே விழும் என்பதால், 15 சதவீதம் கூட்டல் 13.02 ரூபாய் என்று மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் புதிய அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோதுதான் இப்போதுள்ள 13 கூட்டல் 11.52 வந்தது. விலை விழுந்தாலும் வருவாய் விழக்கூடாது என்ற யோசனை டெல்லிக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒரே வரி, இரண்டு விதி

செஸ் விவகாரத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சுருக்கமான வழி, 2016 ஜனவரி இறுதியையும் 2025 ஏப்ரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

2016 ஜனவரி இறுதியில் பெட்ரோல் மீதான மொத்தக் கலால் வரி 21.48 ரூபாய். 2025 ஏப்ரலில் 21.90. பங்க்கில் நிற்பவருக்கு வித்தியாசம் 42 பைசா, அவ்வளவுதான். ஆனால் 2016-ல் அந்த 21.48-க்குள் அடிப்படை வரி 9.48. அப்போது 14-வது நிதிக்குழுவின் 42 சதவீதம் நடப்பில் இருந்தது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 3.98 ரூபாய் போனது. தமிழ்நாட்டின் 4.023 சதவீதப் பங்கு 16 பைசா. அந்த 3.98 ரூபாய்தான் 2025-ல் 57 பைசா. அந்த 16 பைசாதான் 2025-ல் 2.34 பைசா.

இதற்கிடையில் எந்த நிதிக்குழுவும் மாநிலங்களின் பங்கைப் பாதியாக வெட்டவில்லை. 42 என்பது 41 ஆனது, அதுவும் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆனதால். நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. வரியின் தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

எப்படி மாறியது என்பதற்கு 2018 பிப்ரவரி 1-ஐப் பாருங்கள். அன்றைய பட்ஜெட்டில் பெட்ரோல் மீதான அடிப்படை வரி 6.48-லிருந்து 4.48 ஆகக் குறைந்தது. பழைய கூடுதல் கலால் வரி 6 ரூபாய் ரத்து. அதற்குப் பதில் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 8 ரூபாய். குறைத்தது 2 கூட்டல் 6, ஏற்றியது 8. நுகர்வோருக்கு நிகர மாற்றம் பூஜ்யம். அன்று காலை “கலால் வரி 2 ரூபாய் குறைப்பு” என்று தொலைக்காட்சியில் ஓடிய செய்தி மதியத்துக்குள் பிசுபிசுத்துப்போனது. விலை குறையவில்லை என்றதும் எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது. லிட்டருக்கு 2 ரூபாய் மாநிலங்களோடு பகிரும் கணக்கிலிருந்து பகிராத கணக்குக்கு நகர்ந்ததைப் பற்றி மறுநாள் தலையங்கங்களில்கூட அதிகம் இல்லை.

2018 அக்டோபரில் விலை உச்சத்தில் இருந்தபோது ஒன்றிய அரசு 1.50 ரூபாய் குறைத்தது. குறைத்தது அடிப்படை வரியில்: 4.48 என்பது 2.98 ஆனது. 2019 ஜூலை, 2020 மார்ச், 2020 மே என்று மூன்று முறை ஏற்றினார்கள். ஏற்றியது எல்லாம் சர்சார்ஜிலும் செஸ்ஸிலும். அடிப்படை வரி 2.98-லேயே நின்றது. மொத்தம் 17.98-லிருந்து 32.98-க்குப் போனது. அந்த 15 ரூபாயில் மாநிலங்களுக்குப் பகிர்வாக ஒரு பைசாவும் கிடையாது. 2021 பிப்ரவரியில் வேளாண் செஸ் 2.50 புகுந்தபோது அடிப்படை வரி 2.98-லிருந்து 1.40 ஆனது, சிறப்புக் கூடுதல் வரி 1 ரூபாய் குறைந்தது. மறுபடியும் பங்க்கில் விலை மாறவில்லை.

ஏற்றும்போது தனிப் பானையில், குறைக்கும்போது கூட்டுப் பானையில் என்று நடந்ததை இதற்கு மேல் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் எல்லாக் குறைப்பும் அப்படி இல்லை. 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் பெட்ரோலில் குறைத்தது சாலை செஸ்ஸில்தான். 18 என்பது 13 ஆகி, பிறகு 5 ஆனது. இந்தச் சுமை முழுவதும் ஒன்றிய அரசுடையது, மாநிலங்களின் பங்கு பாதிக்கப்படவில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னது பகிர்வைப் பொறுத்தவரை சரி. மாநிலங்களின் வாட் வருவாய் குறைந்தது என்பது தனிக் கணக்கு. 8 ரூபாய் குறைந்தால் தமிழ்நாட்டின் 13 சதவீதத்தில் 1.04 ரூபாய் தானாகக் குறையும்.

இதை ஒரு கட்சியின் கண்டுபிடிப்பு என்றும் எழுதிவிட முடியாது. 2014 ஏப்ரலில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி முடியும் தறுவாயில் பெட்ரோல் மீதான மொத்தக் கலால் வரி 9.48, அதில் அடிப்படை வரி 1.20 மட்டுமே. சிறப்புக் கூடுதல் வரியை சர்சார்ஜாகக் கொண்டுவந்தது 2002 நிதிச் சட்டம், வாஜ்பாய் ஆட்சி. இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறார்கள்.

1959-லும் இதேதான்

அரசியலமைப்பின் 270-வது பிரிவு ஒன்றிய வரிகளை மாநிலங்களோடு பகிரச் சொல்கிறது. அதே பிரிவு இரண்டை விலக்குகிறது: 271-ன் கீழ் விதிக்கும் சர்சார்ஜ், குறிப்பிட்ட நோக்கத்துக்காக நாடாளுமன்றச் சட்டப்படி விதிக்கும் செஸ். 280-வது பிரிவின் கீழ் அமையும் நிதிக்குழு எத்தனை சதவீதம் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆனால் இந்த இரண்டையும் அது தொடவே முடியாது.

தற்போதைய வாசகம் 2000-ல் வந்த 80-வது திருத்தத்தால் அமைந்தது. அதற்கு முன் வருமான வரியும் ஒன்றியக் கலால் வரியும்தான் முதன்மையாகப் பகிரப்பட்டன. கம்பெனிகள் கட்டும் வருமான வரியும் ஒரு காலத்தில் அதில் இருந்தது. 1959 நிதிச் சட்டம் அதைக் ‘கார்ப்பரேஷன் வரி’ என்று வகை மாற்றியதும் பகிர்விலிருந்து வெளியே போய்விட்டது. மாநிலங்கள் 40 ஆண்டு இதைச் சொல்லிப் புலம்பின. தமிழ்நாடு அரசு 1969-ல் அமைத்து 1971-ல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழுவின் கோரிக்கைகளில் கார்ப்பரேஷன் வரியைப் பகிர வேண்டும் என்பதும் ஒன்று. கே.சி. பந்த் தலைமையிலான 10-வது நிதிக்குழு எல்லா வரிகளையும் ஒரே தொகுப்பாக்கி அதிலிருந்து பங்கு தரும் மாற்றுத் திட்டத்தை முன்வைத்தது. அதுதான் 80-வது திருத்தமாயிற்று. மாநிலங்கள் கேட்டது கிடைத்தது. கூடவே, செஸ்ஸும் சர்சார்ஜும் விலக்கு என்று அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. எல்லா வரியையும் பகிர்ந்தாக வேண்டும் என்றால், பகிரத் தேவையில்லாத இரண்டை நோக்கி எந்த நிதியமைச்சரின் கையும் போகத்தான் செய்யும். 2011-12-ல் மொத்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்காக இருந்த செஸ், சர்சார்ஜ் 2019-20-ல் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டது.

சம்பளச் சீட்டிலும் இது இருக்கிறது. வருமான வரி ஒரு லட்சம் என்றால் அதன் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ். கட்டுவது 1,04,000. பகிர்வுக்குப் போவது ஒரு லட்சம். அதில் மாநிலங்களுக்கு 41,000, 15-வது நிதிக்குழுவின் பங்குப்படி தமிழ்நாட்டுக்கு 1,672. மேலே உள்ள 4,000 பகிர்வுக்கு வராது.

வருமானம் ஏற ஏற இந்த விகிதம் மாறும். 2025-26-ன் புதிய முறைப்படி வரிக்குட்பட்ட வருமானம் 60 லட்சம் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். 24 லட்சம் வரை வரி 3,00,000. மீதி 36 லட்சத்துக்கு 30 சதவீதம், 10,80,000. ஆக 13,80,000. இதன் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் 1,38,000. இரண்டின் கூட்டுத்தொகை மீது 4 சதவீதம் செஸ் 60,720. மொத்தம் 15,78,720. பகிர்வுக்கு வெளியே நிற்பது 1,98,720; கட்டிய வரியில் 12.6 சதவீதம். பணக்காரர்களிடம் அதிகம் வாங்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை வரி விகிதத்தை உயர்த்தி வாங்கினால் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. சர்சார்ஜாக வாங்கினால் இல்லை.

கம்பெனி வரியில் எதிர்த்திசை. 2019 செப்டம்பர் 20 அன்று சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை விகிதம் 30-லிருந்து 22 ஆனது. பெரிய கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 34.944 சதவீதமாக இருந்தது 25.168 ஆயிற்று. குறைந்தது 9.776 புள்ளி. அதில் 8 புள்ளி பகிர்வுக்குரிய அடிப்படை வரியில் விழுந்தது. அரசு சொன்ன வருவாய் இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. அந்த முடிவை எடுத்தது ஒரு அரசு. இழப்பில் பங்கேற்றது எல்லா மாநிலங்களும்.

41 எங்கே போயிற்று

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஒன்றிய பட்ஜெட் இணையதளத்தில் ‘வரவு பட்ஜெட்’ என்ற ஆவணமும் ‘பட்ஜெட் ஒரு பார்வை’ என்ற சிறு ஆவணமும் இருக்கும். முதலில் மொத்த வரி வருவாய் என்ன என்று பாருங்கள். பிறகு அதே அட்டவணையில் சற்றுக் கீழே மாநிலங்களுக்கான பங்கு என்ற வரியைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் முதலாவது 42.70 லட்சம் கோடி, இரண்டாவது 14.22 லட்சம் கோடி. வகுத்தால் 33.3 சதவீதம். மாநிலவாரிப் பட்டியல் பின்னிணைப்பில் உண்டு. தமிழ்நாட்டுக்கு 58,022 கோடி.

14.22-ஐ 0.41-ஆல் வகுத்தால் பகிர்வுத் தொகுப்பு எவ்வளவு என்பது வரும்: சுமார் 34.7 லட்சம் கோடி. 42.70-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி 8 லட்சம் கோடி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எட்டு லட்சம் கோடியையும் “டெல்லி சுருட்டியது” என்று எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும். அதில் வரி வசூல் செலவு இருக்கிறது. 279-வது பிரிவு பேசும் ‘நிகர வருவாய்’ என்பது அந்தச் செலவைக் கழித்தது, அதற்குச் சான்று தருவது தணிக்கைத் துறைத் தலைவர். யூனியன் பிரதேசங்களுக்குரிய வரி இருக்கிறது. 1.67 லட்சம் கோடி ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸும் இருக்கிறது. மாநிலங்களின் இழப்பீட்டுக்காகக் கொரோனா காலத்தில் வாங்கிய கடனை அடைக்க அது போனது. அதை மட்டும் மொத்த வரி வருவாயிலிருந்து நீக்கிவிட்டுப் பார்த்தால் 33.3 என்பது 34.7 ஆகும். அப்போதும் 41-க்கு எட்டாது. 34.7-க்கும் 41-க்கும் உள்ள இந்தச் சின்ன இடைவெளியைச் சொல்வதே நல்லது, யாராலும் அசைக்க முடியாது.

அடுத்து வழக்கமாக நடக்கும் பிழை, ஒரு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டை இன்னொரு ஆண்டின் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிடுவது. முந்தைய ஆண்டுகளின் சரிக்கட்டலும் பகிர்வில் நுழையும் என்பதால், ஒரே ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நான்கைந்து ஆண்டு உண்மைக் கணக்கை வரிசையாகப் போட வேண்டும். மானியத்தையும் பகிர்வையும் கூட்டி “இவ்வளவு கொடுத்தோம்” என்று சொல்வது ஆளுங்கட்சி செய்யும் பிழை. பகிர்வு உரிமை, திட்ட மானியம் நிபந்தனையோடு வருவது.

மாநிலங்களுக்கு வரிப் பகிர்வுத் தவணை வெளியாகும்போது வரும் செய்திகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். 2024 அக்டோபர் 10 அன்று ஒரு தவணையை முன்கூட்டியே சேர்த்து 1,78,173 கோடி விடுவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு 7,268 கோடி. ஏதோ சிறப்பு உதவி போல அது சுற்றி வந்தது. 1,78,173-ஐ 4.079 சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். பண்டிகைக்காக முன்னால் வந்த சொந்தப் பணம் அது.

பீகாரோடு சண்டை போடுவதில் என்ன லாபம்

தமிழ்நாட்டில் வரிப் பகிர்வு என்றாலே பேச்சு நேராக உ.பி., பீகாருக்குப் போய்விடும். காரணம் இல்லாமல் இல்லை. 12-வது நிதிக்குழுவில் 5.305 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டுப் பங்கு 13-ல் 4.969, 14-ல் 4.023, 15-ல் 4.079. 14-வது குழுவில் 50 சதவீத எடையும் 15-வதில் 45 சதவீத எடையும் ‘வருமான இடைவெளி’ என்ற அளவுகோலுக்கு. தலா வருமானம் கூடிய மாநிலம் இதில் தோற்கத்தான் செய்யும். 2024 தேர்தலில் ஓடிய “ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசா” என்ற முழக்கமும் இந்த வருத்தத்திலிருந்து பிறந்ததுதான்.

அந்த 29 பைசாவை நான் பயன்படுத்துவதில்லை. நேரடி வரி, கம்பெனியின் கணக்கு எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்தின் பெயரில் பதிவாகும். மும்பையில் தலைமையகம் உள்ள வங்கி தமிழ்நாட்டில் சம்பாதித்த லாபத்துக்கு வரி மகாராஷ்டிரக் கணக்கில் சேரும். நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒரு மாநிலத்தின் பெயரில் இருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் கட்டிய சுங்க வரி பெங்களூருத் தொழிற்சாலையின் சரக்குக்கானதாக இருக்கலாம். ‘தமிழ்நாட்டில் வசூலானது’ என்பதும் ‘தமிழ்நாட்டார் கட்டியது’ என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

செஸ் கணக்கில் இந்தத் தகராறே வராது. 15-வது நிதிக்குழுவின் பங்குப்படி, பகிர்வுத் தொகுப்பிலிருந்து ஒரு ரூபாய் செஸ்ஸுக்கு நகர்ந்தால் தமிழ்நாடு இழப்பது 1.67 பைசா. பீகார் இழப்பது 4.12 பைசா. உ.பி. இழப்பது 7.35 பைசா. பங்கு பெரிதாக உள்ள மாநிலத்துக்கே அடி பெரிது. அவர்களின் வரவு செலவு ஒன்றியப் பகிர்வையே பெரிதும் நம்பி ஓடுவதால் வலியும் கூடுதல். செஸ் விஷயத்தில் சென்னையும் பாட்னாவும் ஒரே பக்கம். பாட்னாவிலிருந்து சத்தம் வராததற்குக் காரணம் அரசியல் கூட்டணி. 50 சதவீதம் வேண்டும் என்று தமிழ்நாடு 16-வது நிதிக்குழுவிடம் கேட்டது. குழு 41-ஐயே தொடரச் சொன்னது. ஒருவேளை 50 கிடைத்திருந்தாலும், அதே 4.079 சதவீதப் பங்கில், பெட்ரோலில் தமிழ்நாட்டுக்கு 2.34 பைசா 2.86 பைசா ஆகியிருக்கும். சதவீதத்துக்குப் போடும் சண்டையில் பாதியைத் தலைப்புக்குப் போட்டிருக்கலாம்.

பெயர் சொன்ன வேலைக்குப் போகிறதா

செஸ் என்றால் பெயரில் உள்ள நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். நடைமுறை இரண்டு படி. வசூலான பணம் முதலில் இந்தியத் தொகுப்பு நிதிக்குள் விழும். அங்கிருந்து நாடாளுமன்றம் ஒதுக்கி, அதற்கென உள்ள தனி நிதிக்கு மாற்ற வேண்டும். ஓட்டை இரண்டாவது படியில். 2018-19 கணக்கைத் தணிக்கைத் துறை ஆராய்ந்தபோது செஸ் உள்ளிட்ட 35 வகைக் கட்டணங்களில் வசூல் 2.74 லட்சம் கோடி, உரிய நிதிகளுக்குப் போனது 1.64 லட்சம் கோடி. கச்சா எண்ணெய் செஸ்ஸில் பத்தாண்டுகளில் வசூலான 1.24 லட்சம் கோடியில் எண்ணெய்த் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கு எதுவும் மாற்றப்படவில்லை. மாநிலங்களுக்கென்றே சட்டம் போட்ட ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸிலும் முதல் இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி மாற்றாமல் தொகுப்பு நிதியிலேயே வைத்துக்கொண்டதை அதே அறிக்கை குறித்தது.

ஒன்றிய அரசின் பக்கத்து வாதத்தில் சாரம் உண்டு. சாலை செஸ்ஸில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கு வருகிறது. கல்விக்கான செஸ் நிதி சமக்ர சிக்‌ஷா போன்ற திட்டங்கள் வழியாக மாநிலப் பள்ளிகளுக்கே திரும்புகிறது. வருகிற வழியில் என்ன ஆகும் என்பதற்கு 2024-25 சாட்சி. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றியப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் சமக்ர சிக்‌ஷாவின் சுமார் 2,152 கோடி நின்றது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். 270-ன் கீழ் பகிர்வாக வந்திருந்தால் எந்த அமைச்சகமும் நிறுத்தி வைக்க முடியாத பணம், செஸ்ஸாகப் போய்த் திட்டமாகத் திரும்பும்போது கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

“பெட்ரோலை ஜிஎஸ்டியில் கொண்டுவாருங்கள், பிரச்சினை தீர்ந்தது” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அதே 55 ரூபாய் அடிப்படை விலை, இருப்பதிலேயே உயர்ந்த 40 சதவீத ஜிஎஸ்டி: வரி 22 ரூபாய், பாதி மாநிலத்துக்கு 11. மேலே போட்ட கணக்கில் வாட்டாகக் கிடைப்பது 21.52. எந்தக் கட்சி ஆண்டாலும் மாநில நிதியமைச்சர்கள் இதற்குத் தலையாட்டாததன் ரகசியம் அந்த பத்தரை ரூபாயில்தான் இருக்கிறது.

என் யோசனை எளியது. புதிய செஸ், சர்சார்ஜ் எதுவானாலும் முடிவுத் தேதியோடு பிறக்க வேண்டும், ஐந்தாண்டு தாண்டினால் அடிப்படை விகிதத்தோடு தானாகச் சேர வேண்டும். ஜிஎஸ்டியில் 2025 செப்டம்பர் 22 அன்று நடந்தது கிட்டத்தட்ட அதுதான்: எஸ்யூவி வகைப் பெரிய கார்களுக்கு 28 சதவீத வரியும் 22 சதவீத செஸ்ஸும் இருந்த இடத்தில் 40 சதவீத வரி மட்டும் வந்தது. வாங்குபவருக்கு 10 புள்ளி மிச்சம். மாநிலத்தின் பாதி 14-லிருந்து 20 ஆனது.

இதே கேள்வியை உள்ளாட்சிகள் கோட்டையைப் பார்த்தும் கேட்கலாம், உள்ளாட்சிகளைப் பார்த்து மற்றவர்களும் கேட்கலாம். உங்கள் சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா, 1948-ன் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது. வசூலித்த உள்ளாட்சி அதை நூலகத் துறைக்குக் கட்ட வேண்டும். அது நிலுவையில் நிற்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். உங்கள் ஊர் நகராட்சி கடைசியாக எந்த ஆண்டு வரை கட்டியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். விண்ணப்பத்தில் வசூலான தொகை, செலுத்திய தொகை, செலுத்திய தேதி என்று மூன்றையும் ஆண்டுவாரியாகத் தனித்தனியே கேளுங்கள்; சேர்த்துக் கேட்டால் மொத்தமாக ஒரே எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.